முறை நாளும் கரண்ட் நாளும்

ஆமத்தூருக்குத் தெற்கே எங்கள் கிணறு. எங்கள் என்றால் முழுக்க எங்களுடையது அல்ல, பாதிதான். மறுபாதி என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனுக்கு. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். என் மாமனாரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது நிலத்தைக் கயிறு போட்டு அளந்து இரண்டாக்கிவிட்டார்கள். கிணற்றை எப்படி இரண்டாக்குவது? ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்து, குலசாமி கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். சூரியன் கிளம்பினால் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும். கல்யாணம், சாவு எதற்கும் அது மாறாது. என் மாமனார் செத்தது எங்கள் முறை நாளில். அன்றைக்குக் கமலை ஓடவில்லை. மறுநாள் பெரியத்தான் தன் முறைக்கு இறைத்தார். போன நாளுக்கு ஈடாக ஒருநாள் கேட்கலாமே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அப்போதெல்லாம் கமலைதான். மாடுகள் சரிவில் இறங்க இறங்க, கிணற்றிலிருந்து கூனை என்கிற தகரச் சால் தண்ணீரோடு மேலே வரும். விருதுநகரில் மட்டும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே கரண்ட் இருந்தது. ரயில் நிலையத்திலும் மிளகாய் மண்டிக்காரர்களின் வீடுகளிலும் பல்பு எரியும். சந்தைக்குப் போனால் அதை வாய்பார்த்துவிட்டு வருவோம். எங்கள் ஊருக்கு ஐம்பதுகளின் கடைசியில்தான் கம்பங்கள் வந்து இறங்கின. மாட்டுவண்டியில்தான் வந்தன. கரிசல் மண்ணில் குழி தோண்ட எங்கள் ஊர் ஆட்களே கூலிக்குப் போனார்கள். கம்பி இழுத்த அன்று ஊரே சோறு பொங்காமல் வேடிக்கை பார்த்தது. நானும்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

கிணற்றுக்கு லைன் கிடைத்ததும் இரண்டு வீடும் சேர்ந்து ஒரு மோட்டார் வாங்கினார்கள். மோட்டாரை மாட்ட வந்த பிட்டர் நல்ல மனிதர். "ஒருநாளப் பாதியாப் பிரிச்சு, காலையில ஒருத்தரு, மத்தியானம் ஒருத்தருன்னு வச்சுக்கிடுங்களேன். மோட்டாருக்கும் நல்லது" என்றார்.

பெரியத்தானும் என் வீட்டுக்காரரும் ஒரே குரலில், "நாள் முறைதான்" என்றார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்கள் இருவருக்கும் ஒரே குரல் வந்து நான் கேட்டதில்லை.

"பிட்டரு சொல்றது சரியாத்தான இருக்கு" என்று நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அப்புறம் கமலைக் கல்லைப் பிடுங்கினார்கள், சரிவை மண்போட்டு மேவினார்கள், அந்த இடத்திலேயே மோட்டார் ரூம் கட்டினார்கள். மாடுகளையும் விற்றாயிற்று. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அதை அன்றைக்கே சொன்னேன். கேட்க ஆளில்லை.

சும்மா சொல்லக்கூடாது, சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது. ஸ்டார்ட்டரைத் தட்டினால் தண்ணீர் குழாயை உடைத்துக்கொண்டு வரும். மிளகாய் அமோகமாகக் காய்த்தது. அந்தத் தெம்பில்தான் மூத்த மகளை நிறுத்தாமல் படிக்க வைத்தேன். ஊரில் அவள் வயதுப் பெண்கள் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டார்கள். இவள் கிறிஸ்தவக் கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது. அங்கே வேதக்கார டீச்சர் ஒருத்தி, "விருதுநகர் ஹாஸ்டல்ல சேத்துவிடுங்கக்கா, இவ டீச்சராயிருவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வருஷத்து மிளகாய் வீடு வந்து சேர்ந்தால் சித்திரைக்குப் பிறகு ஹாஸ்டல், இல்லாவிட்டால் குச்சி. வேறு வழி எங்களுக்குக் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழைக்குப் பதில் புழுதி பறந்தது. கார்த்திகையும் காய்ந்தது. பூ வைக்கிற நேரத்தில் கரண்ட் வெட்டு வந்தது. தெற்கே மலையில் அணைத் தண்ணீர் விழுந்துதான் நமக்குக் கரண்ட் வருகிறது, அணையில் தண்ணீர் இல்லை என்று லைன்மேன் சொன்னார். மழை பெய்தால் கரண்ட் உண்டு. மழை பெய்தால் எனக்கு எதற்குக் கரண்ட்? இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒருநாளாவது மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்க மாட்டான்.

ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கரண்ட் என்று அறிவித்தார்கள். காலையில் வந்தால் மறுநாள் காலைவரை இருக்கும். கேட்டதும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். கரண்ட் வரும் நாளெல்லாம் பெரியத்தான் முறை, கரண்ட் இல்லாத நாளெல்லாம் எங்கள் முறை. அந்த வாரம் என்றில்லை, எந்த வாரத்திலும் அப்படித்தான் விழும்.

மற்றக் கிணறுகளில் பங்காளிகள் உட்கார்ந்து பேசிப் பாதி நாளாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பெரியவர்கள் சூடம் ஏற்றாத புண்ணியவான்கள். என் வீட்டுக்காரர் கேட்கமாட்டேன் என்றுவிட்டார். "மொறையில வாய வைக்கக்கூடாது" என்பதுதான் அவர் பேச்சு. நானே போனேன்.

"அத்தான், நீங்க காலையில இறைங்க, நாங்க பொழுது சாய இறைச்சுக்கிடுதோம். செடி பூவும் பிஞ்சுமா நிக்கி."

"மொறைய நானா வச்சேன் தாயி? பெரியவுக வச்சது. கரண்டு ஆபீசு வச்சதுதான் நேத்து வந்தது. அங்கன போயி நாள மாத்தச் சொல்லு."

"எங்க நாள்ல ஊறுன தண்ணியயும் சேத்துத்தான அத்தான் நீங்க இறைக்கீக?"

அவர் கோபப்படவில்லை. "ஊறுறது கிணத்தோட சேத்தி. இறைக்கிறது மொறையோட சேத்தி" என்றார். இப்படி ஒரு சட்டத்தை அவர் அந்த நிமிஷம்தான் உண்டாக்கினார் என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லி முடித்ததும் அதை முழுசாக நம்பினார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பேன்.

பஸ் ஏறி விருதுநகர் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருவர் உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, சிவகாசியில அச்சாபீசே பாதி நாள் மூடிக் கெடக்கு. லோடு தாங்காமத்தான் பிரிச்சிருக்கோம். ஒரு கிணத்துக்காக அம்புட்டு ஊருக்கும் நாள மாத்த முடியுமா? உங்க வீட்டு முறைதான? அத மாத்திக்கிடுங்க."

"அதத்தாங்கய்யா மாத்த முடியல."

"நீங்க ரெண்டு பேரு, உங்களால முடியல. நான் எத்தனை ஊருக்குப் பதில் சொல்லணும் தெரியுமா?"

எழுந்து வந்துவிட்டேன். அங்கே கேட்டால் இங்கே போ, இங்கே கேட்டால் அங்கே போ. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். கொல்லை பச்சையாக இருந்தவர்கள் எல்லார் மேலும் பொறாமையாக இருந்தது.

எங்கள் முறை நாள்களில் வாளியில் கயிறு கட்டிச் சேந்தினோம். கிணற்றை ஏற்கெனவே வேட்டு வைத்து ஆழப்படுத்தியிருந்ததால் கயிறு போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சேந்துவார், நானும் மகளும் குடத்தில் சுமந்து செடி செடியாக ஊற்றுவோம். அவள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றது அப்போதுதான். நாலைந்து பாத்தி நனைவதற்குள் கை கொப்புளித்துவிடும். மறுநாள் காலையில் பெரியத்தான் ஸ்டார்ட்டரைத் தட்டுவார். எங்கள் வரப்பை ஒட்டி அவர் வாய்க்காலில் தண்ணீர் போகும். மகள் அதன் கரையில் நின்று பார்ப்பாள். ஒரு குடம் மொண்டால் யார் கேட்பார்கள்? நானே சொன்னேன், மொண்டுக்கோ என்று. "அப்பா வைவாக" என்றாள். இந்த வீட்டில் எனக்குப் பிறந்த பிள்ளையும் அவர்கள் பக்கம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தை கழிந்து மாசி பிறந்தது. எங்கள் செடி இலை சுருண்டு பூவைக் கொட்டிவிட்டது. கிழக்கு ஓரத்தில் குடத்துத் தண்ணீர் குடித்த செடி மட்டும் கொஞ்சம் பிஞ்சோடு நின்றது. அதையாவது காப்பாற்றினால் ஹாஸ்டலுக்குக் கட்டும் அளவுக்குத் தேறும் என்று நானும் மகளும் பேசிக்கொள்வோம்.

அப்போது எங்கேயோ லைன் அறுந்து ஒருநாள் முழுக்க இரண்டு பக்க ஊருக்கும் கரண்ட் நின்றுபோனது. சரிசெய்த பிறகு விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள். நாள் ஒன்று தள்ளிப்போனது. நான் கெஞ்சி நடக்காதது கம்பி அறுந்து நடந்துவிட்டது. கரண்ட் நாள் எங்கள் முறையில் விழுந்தது.

காலையில் மூன்று பேரும் கிணற்றடிக்கு ஓடினோம். மகள் வாய்க்காலில் கிடந்த சருகை அள்ளி எறிந்துவிட்டு மடையில் போய் நின்றாள். வீட்டுக்காரர் சாமி கும்பிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டினார். மோட்டார் அதுபாட்டுக்கு ஓடியது. குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் ஒரு வாய் கக்கியது, பிறகு காற்றுதான் வந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் குழாயின் நுனியில் இருக்கும் புட்வால்வு பாறைமேல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்த கடைசி முறையிலேயே பெரியத்தான் அடிவரை உறிஞ்சிவிட்டார்; மறுநாள் நாங்கள் வாளியில் சேந்தியது பாறைக்குழியில் மிஞ்சிய தண்ணீர்தான். ஊற்றுக்கண் மூடிவிட்டது.

மோட்டார் சத்தம் கேட்டுப் பெரியத்தானும் வந்தார். எட்டிப் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "தம்பி, இனிமே என் மொறையையும் நீயே எடுத்துக்கடா."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே நான் அலைந்தேன்! என் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லண்ணே. நாளைக்கு உங்க மொற. நீங்கதான் இறைக்கணும்" என்றார்.

இரண்டு பேரையும் சேர்த்து அந்தக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு. தள்ளினாலும் முங்குவதற்கு அதில் தண்ணீர் இல்லை. மகள் இன்னும் மடையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பங்குனியில் அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினாள். குச்சி அடுக்கக் கரண்ட் வேண்டாம், பகல் வெளிச்சமும் இரண்டு கையும் போதும். அதனால் அங்கே வெட்டும் கிடையாது, முறையும் கிடையாது. எல்லா நாளும் வேலை இருந்தது. அவளும் எல்லா நாளும் போனாள்.