கடுகளவு அபின்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். கொழுந்து எடுக்கும் மலைக்கு அவளையும் தூக்கிக்கொண்டு போவேன். மரத்தில் சாக்குத் தொட்டில் கட்டிப் போட்டால் மதியம் வரை சத்தமே இருக்காது, பாலுக்குக்கூட அழமாட்டாள்.

அது அவள் குணமல்ல. காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், கடுகளவு அபினைத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவிவிடுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் செய்வதுதான். பதுளை டவுனில் சர்க்கார் லைசென்ஸ் பலகை மாட்டிய கடையிலேயே விற்றார்கள், பயப்பட என்ன இருக்கிறது? போதாததற்கு எனக்குப் பெருமை வேறு. "எம்புள்ள தங்கம், இடி விழுந்தாலும் அழாது" என்று சொல்லித் திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மழையில் பாதை சரிந்து பதுளைச் சாமான் வரவில்லை. அபின் தீர்ந்துவிட்டது. அன்று மாலைக்குள் குழந்தை வியர்த்துக் கொட்டி, கைகால் உதறி வீரிட்டாள். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி தன் டப்பாவில் ஒட்டியிருந்ததை வழித்து வந்து தடவினாள். குழந்தை உடனே அடங்கிவிட்டாள். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை. சாராயக் கடை வாசலில் கை நடுங்க நிற்கும் ஆண்களை எத்தனை ஏசியிருப்பேன்! என் மடியிலேயே அப்படி ஒன்றை வளர்த்திருக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்து டாக்டரையாவிடம் ஓடினேன். அவர் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

"இப்படியே குடுத்தா ஒரு நாளைக்கு எந்திரிக்காமலே போயிரும். திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சங்கொஞ்சமா கொற. தினம் கொண்டாந்து காட்டு."

அவர் அளந்து கொடுத்த அபினில் பாதிக் கடுகு, கால் கடுகு, கடைசியில் ஊசி முனையில் ஒட்டுவது. அவள் தொட்டிலில் கிடக்கவே மாட்டேன் என்றாள். கூடையை முதுகில் போட்டு, அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கொஞ்சம் தடவி விடேன்டி, பாவம்."

பாவமாம்! அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். இரண்டு தடவை, அபினை முடிந்து வைத்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தும் விட்டேன். ஆனால் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கவில்லை.

முழுதாக நிறுத்திய ஐந்தாம் நாள், மலை உச்சியில், அவள் என் சேலையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். இது வேறு கத்தல், எனக்குப் புரிந்துவிட்டது. செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். புரையேறப் புரையேறக் குடித்தாள். ஒரு பக்கம் வற்றியதும் மறுபடி கத்தினாள்.

கங்காணி மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"வேலை நேரத்துல யாரு ஒக்காந்திருக்கிறது? புள்ளைக்கு என்ன நோவு, இந்தக் கத்து கத்துது?"

அந்த மலையில் கங்காணியிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. எனக்கு அன்று எதுவும் நினைவில்லை, சந்தோஷத்தில் மலையே கேட்கக் கத்தினேன்.

"நோவு இல்லீங்க! எம்புள்ளைக்குப் பசிக்குதுங்க!"