மஞ்சள் காட்டிய செதில்: அடி அண்ணாமலையில் ஒரு காலை

யாழினிக்கு ஒரு வயதில் விடாமல் காய்ச்சல் அடித்தபோது, அவள் நடக்கிற வயது வந்ததும் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கோயிலிலிருந்து வாயு லிங்கம் வரை செருப்பில்லாமல் தன் காலால் நடப்பாள் என்று வேண்டிக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முழு கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். அதை வேண்டிக்கொள்ளாத அளவுக்கு அந்தப் பதற்றத்திலும் எனக்குப் புத்தி மிச்சம் இருந்தது. இப்போது அவளுக்கு நாலு வயது. மழை விட்ட கார்த்திகைக் கடைசியில், தீபக் கூட்டம் கலைந்த பிறகு போய்வந்தோம். எழுத உட்கார ரெண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கிளாம்பாக்கத்தில் காலை பத்து மணிக்கு அரசுப் பேருந்து, நாலரை மணி நேரம். திருவண்ணாமலையில் இறங்கி அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். முந்நூறு கேட்டார், என் கணவர் பிரபு பேசிக் குறைத்தார். ஊருக்குள் மல்லிகா அக்கா என்பவர் தன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய், சுடுதண்ணீர் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மலை, கீழே நெல் வயல். வயலைப் பார்த்ததுமே எனக்குப் பாம்பு ஞாபகம் வந்தது. அன்று மாலை முழுக்க யாழினியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் எப்படியோ நழுவி, கொல்லையில் கடலைக்கொடிப் போரிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பிளாஸ்டிக் ரிப்பன்."

என் கை நீளத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக, பாம்பு உரித்துப்போட்ட சட்டை. அவள் காலை, கையை, விரல் இடுக்கையெல்லாம் பார்த்து முடித்ததும் பிரபுவிடம் சொன்னேன், "பையை எடுங்க, கிளம்பலாம்."

"வேண்டுதல்?"

"டவுன்ல ரூம் போட்டு, ஷூ போட்டு நடக்கட்டும்."

"ஷூ போட்டா அது வாக்கிங்."

மல்லிகா அக்கா துளியும் அசரவில்லை. "எதுக்குங்க பயப்படுறீங்க? அவன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு எப்பவோ போய்ட்டான். மஞ்சள் குங்குமம் வெச்சு புத்தாண்ட வெச்சிட்டு வந்துர்றேன்."

அவர்கள் வீட்டு வழக்கமாம். சட்டை கிடைத்தால் குப்பையில் போட மாட்டார்கள், புற்றில் கொண்டுபோய் வைப்பார்கள். முறத்தில் அதை நீட்டிப்போட்டு மஞ்சள் தூளைத் தாராளமாகத் தூவினார். ஜாஸ்தி கொட்டிவிட்டதென்று ஊதினார். மேலே இருந்த தூள் பறந்தது. ஆனால் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஊசியால் கீறியதுபோல ஒரு மஞ்சள் கோடு தங்கிவிட்டது.

நான் படித்தது இயற்பியல், ஒளியியலில் கொஞ்சம் பித்து உண்டு. பயத்தோடேயே குனிந்து பார்த்தேன். பாம்புச் சட்டை உள்பக்கம் வெளியே திரும்பித்தான் கழலும். அதனால் பாம்பின் மேல் மேடாக இருந்தது சட்டையில் பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தில்தான் மஞ்சள் உட்கார்ந்திருந்தது. அதாவது செதிலுக்கு நடுவே மேடு உள்ள பாம்பு.

சட்டையில் நிறமே இல்லையே என்று பிரபு கேட்டார். நிறத்தின் பெரும்பகுதி அடித்தோலில் இருப்பது, அது பாம்போடு போய்விட்டது. ஆனால் அந்த நிறம் நம் கண்ணுக்கு எப்படிப் படும் என்பதில் மேல்தோலின் வடிவத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒரே சாயத்தை ஆரணிப் பட்டிலும் பருத்தியிலும் ஏற்றிப் பாருங்கள். பட்டு மின்னும், பருத்தி மங்கும். வழவழப்பான செதிலில் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பிப் பளபளக்கும். நடுவில் மேடு இருந்தால் வெளிச்சம் சிதறும், பக்கத்திலேயே மயிரிழை நிழலும் விழும். பளபளப்பு போனால் சேறு, சருகு, வரப்பு எதோடும் கலந்துவிடலாம்.

"அதான் வரப்புல கால் வெக்கிற வரைக்கும் தெரியறதில்ல," என்றார் மல்லிகா அக்கா. அதைக் கேட்டதும் யாழினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். ஏனென்றால் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் செதிலில் இந்த மேடு உண்டு. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கிடையாது, அவற்றுக்கு வழவழப்பான செதில். மேடு உண்டு, ஆனால் விஷமில்லை என்றால் இந்தப் பக்கத்தில் நீர்க்கோலி. விரியனையும் நீர்க்கோலியையும் பிரிக்கத் தலை வேண்டும். முறத்தில் கிடந்ததற்குத் தலை இல்லை.

"பாப்பா, இதோட தலை எங்கடா?"

யாழினி கையைப் பின்னால் மறைத்தாள். கெஞ்சி, ஒரு பிஸ்கட் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பிய்த்து, ஆள்காட்டி விரலில் தொப்பி மாதிரி மாட்டியிருந்தாள். வெயிலில் பிடித்தேன். விரியன் தலையில் பொடிப்பொடிச் செதில்கள்தான் இருக்கும். இதில் ஓடு பதித்ததுபோலப் பெரிய பெரிய தகடுகள், கண் இருந்த இடத்தில் கண்ணாடி போல வட்டமாக ஒரு சவ்வு. திருப்பியபோது அதன் மேல் மெல்லிய வானவில் ஓடியது.

"நீர்க்கோலி," என்றேன்.

"தண்ணிப் பாம்பா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா," என்றார் அக்கா. "ஏரி ரொம்பினா வீட்டாண்ட வரும்ங்க. தவளை திங்க வர்றவன்."

"எனக்குத் தலையைத் திருப்பிக் குடு," என்றாள் யாழினி. கொடுக்கவில்லை. சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டேன்.

பையைப் பிரபு மறுபடி உள்ளே வைத்தார். எட்டு மணிக்குக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாசலில் அவளை இறக்கிவிட்டேன். ஒரு சட்டை ஒரு பாம்பைப் பற்றித்தான் சொல்லும், ஊரிலுள்ள எல்லாப் பாம்புக்கும் சேர்த்துச் சொல்லாது. அது தெரிந்துதான் இறக்கினேன். பாதை நடுவிலேயே நடந்தோம், ஓரத்துச் சருகுப் பக்கம் விடவில்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள். தார் சூடாகும் முன், ஒன்பதுக்குள் முடியுங்கள். இருட்டில் நடந்தால் டார்ச்சைக் கணுக்கால் உயரத்தில் சாய்த்துப் பிடியுங்கள், மங்கலாகக் கிடப்பதற்கும் நிழல் விழும். போர், புதர் பக்கம் குழந்தையைத் தனியே விடாதீர்கள். சட்டையைப் பார்த்து நீங்களாக முடிவு கட்டி ஓட்டைக்குள் கை விடாதீர்கள். கடித்தால் எந்தப் பாம்பு என்று ஆராயாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வாயு லிங்கம் வர நாற்பது நிமிடம் ஆனது. பாதி வழியில் பிரபு தூக்கட்டுமா என்று கேட்டார். யாழினி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் கையையும் உதறினாள். பத்தடி முன்னால் போகவிட்டேன்.