இழுத்துப் பேசிய கேசட்

என் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதன் முதுகில் நீல மையால் ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரி. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் மருமகள், "போட்டுப் பாக்க மெஷினே கெடையாது, இது இன்னாத்துக்கு அத்தை?" என்பாள். அது காசு கொடுத்து வாங்கியதல்ல, திருடியது. கொட்டகையின் விருந்தினர் அறையிலிருந்து முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். அதற்காக ஒருநாளும் நான் வெட்கப்பட்டதில்லை. அதை வைத்துத்தான் ஒருவனைக் கவிழ்த்தேன்.

அந்த ஒருவனை ஊரே துபாஷி சார் என்றது. அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டு ஏரி இறாலுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டார்கள். பெண்கள் முப்பது பேர் வரிசையாகக் குந்தி இறாலின் தலை கிள்ளுவோம். மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒருவர் சரக்குப் பார்க்க வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னவன் இந்தத் துபாஷி. மெட்ராஸில் ஜப்பான் பாஷை படித்துத் தேறியவன் என்று சொல்லிக்கொண்டான். பொன்னேரியிலிருந்து ஐஸ் லாரியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவன் பொறுப்புதான். இதை மறந்துவிடாதீர்கள்.

கொட்டகை வந்து ஏழாவது வருஷம், ஜப்பான்காரர் சரக்குப் பார்க்க வந்த அன்றைக்கு, ஐஸ் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பொன்னேரியில் லாரியை நிறுத்திவிட்டு அவன் சினிமா டிக்கெட்டுக்கு நின்றான் என்று டிரைவர் பிறகு சொன்னார். கொட்டகை முழுக்க நாற்றம். ஜப்பான்காரர் கூடை கூடையாகக் கிளறிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் நைனாவின் கூடைக்கு முன்னால் நின்றார். ஒரு பெரிய இறாலை வாலைப் பிடித்துத் தூக்கி, நைனாவையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துபாஷியிடம் ஒரு பேச்சு சொன்னார். அவன் முகம் வெளிறியது. மறுபடியும் அதையே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். துபாஷி எங்கள் பக்கம் திரும்பினான். "இந்த ஆள் கூடைதான் அழுகல்னு சொல்றாரு. எல்லாச் சரக்கையும் இதுதான் கெடுத்துடுச்சாம். இனிமே இந்த ஆளோட இறால் வந்தா ஊர்ச் சரக்கே வேணாமாம்" என்றான். நைனா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் பிடித்து ஈரச்சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்த இறால் அது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பெயர்களைச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைப்பார்கள். சீட்டில் பெயர் இல்லாதவனுக்கு ஏரி இல்லை. ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, நைனாவின் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்தவர் படகில் கூலிக்குத் தள்ளுகோல் போடப் போனார் நைனா. ஜப்பான்காரர் வரும் நாட்களில் மட்டும், அவர் கண்ணில் படக்கூடாது என்று, வீட்டைவிட்டே வெளியே வரமாட்டார். "தப்பு பண்ணாதவன் ஏன் நைனா ஒளியணும்?" என்று நான் கத்தினால், "எல்லாரும் பாத்தாங்க இல்ல, அந்த ஜப்பான்காரன் என் கூடையிலதானே கைய வச்சான்" என்பார். 

ஆனால் ஜப்பான்காரர் சொன்ன பேச்சு என்னிடம் இருந்தது. இரண்டு முறை சொன்னார் அல்லவா, அர்த்தம் தெரியாமலேயே அது அப்படியே என் காதில் தங்கிவிட்டது. கோரி ஒசோய். கோனோ ஹிதோ நோ எபி, இச்சிபன் ஈ. எபி என்றால் இறால் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். மீதிச் சொற்களில் எது அழுகல், எது என் நைனா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகமாட்டேன் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கோபம் மட்டும் ஐம்பது வயதுக்கு இருந்தது.

கடல் செய்தி கேட்க நைனா வைத்திருந்த டிரான்சிஸ்டர் சும்மா கிடந்தது. சாயங்காலம் முள்ளைத் திருப்பித் திருப்பி ஜப்பான் பேச்சைப் பிடிப்பேன். ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் என்ன, மீனைக் கழுவும்போதும் உலை வைக்கும்போதும் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டேன். ஜப்பான்காரர் வரும் வாரத்தில் அவர் பின்னாலேயே பாத்திரம் எடுக்கிற சாக்கில் சுற்றுவேன். பக்கத்தில் இருந்த பெண்கள், "இன்னாடி, மாப்ளை பாக்குறியா?" என்று கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும் என்று இருந்தேன். மூன்று வருஷத்தில் ஓசை மட்டும் பழகியது, பொருள் ஒட்டவில்லை.

அப்புறம்தான் கேசட். ஜப்பான்காரருக்கு ஊரிலிருந்து வந்தது, பெட்டிமேல் கிடந்தது. பழவேற்காட்டு டவுனில் ஒரு மரைக்காயர் வீட்டு அக்கா எனக்குப் பழக்கம். அவள் புருஷன் வெளிநாட்டிலிருந்து வீடியோ டெக் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் தொழுகைக்குப் போகும் நேரம் எனக்கு. போட்டால், படம் கோடு கோடாக ஓடியது. எப்போதாவது ஒரு கை, ஒரு கதவு, ஒரு கிண்ணம் நின்று தெரியும். குரல் மட்டும் தெளிவாக வந்தது, ஆனால் இழுத்து இழுத்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல. "அய்யய்யோ, பொம்பள வாயத் தொறந்தா ஆம்பளக் குரல் வருது, பேய் புடிச்ச கேசட்டுடி" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜப்பான் கேசட் ஓடும் வேகம் வேறு, நம்மூர் மெஷினின் வேகம் வேறு என்று அவள் புருஷன் லீவில் வந்தபோதுதான் சொன்னார். அந்தக் கோளாறுதான் எனக்குக் கிடைத்த வரம். ரேடியோவில் ஓடிப்போன சொற்கள் இதில் நடந்து வந்தன.

அங்கங்கே தெரிந்ததையும் கேட்டதையும் கோத்துப் பார்த்தால் ஒரு குடும்பக் கதை அது. புருஷன் வாசலில் நுழையும்போதெல்லாம் பெண்டாட்டி "ஒசோய்" என்று பாய்வாள். அதற்கு எந்த ஊர்ப் பொம்பளைக்கும் விளக்கம் வேண்டாம்: லேட்டு. பையன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு "இச்சிபன்" என்று குதித்துக்கொண்டு வருவான்: முதல். பக்கத்து வீட்டுக்காரரைக் கை காட்டி "கோனோ ஹிதோ" என்பார்கள்: இந்த ஆள். புதுச் சட்டையைப் பார்த்து "ஈ" என்பார்கள்: நல்லா இருக்கு. கோரி மட்டும் ஒரு வருஷத்துக்கும் மேல் பிடிகொடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பையனுக்குக் காய்ச்சல் வரும் இடத்தில், தாய்க்காரி கோரி, கோரி என்று பதறுகிறாள். உடனே கண்ணாடிக் கிண்ணத்தில் கலகலவென்று ஏதோ விழும் சத்தம். பன்னிரண்டு வயதிலிருந்து ஐஸ் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

ஐஸ் லேட்டு. இந்த ஆளோட இறால்தான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு.

அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து நைனாவிடம் மூச்சு விடவில்லை. நான் ஒருத்தி சொன்னால் துபாஷி சிரித்து ஒதுக்கிவிடுவான். சொன்னவர் வாயாலேயே வரவேண்டும், பெரியவர்கள் காது கேட்க வரவேண்டும். எட்டு மாதம் காத்திருந்தேன். "வணக்கம் துபாஷி சார்" என்று தினமும் சிரித்தேன். வருஷா வருஷம் அவரிடம் இவன் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்ததில், இவனுக்குத் தெரிந்ததே எண்களும் மரியாதைச் சொற்களும் ஐஸும்தான் என்பது அந்த எட்டு மாதத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. அன்று முகம் வெளிறியதும் அந்த ஒரு சொல் புரிந்ததால்தான். மீதியை அவன் இட்டுக்கட்டினான்.

சீட்டுப் போடும் வாரத்தில் ஜப்பான்காரர் வந்தார். பெரியவர்கள் எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். வருஷா வருஷம் செய்வதுபோல அவர் தலையில் துண்டு கட்டும் சாடை காட்டி ஏதோ கேட்டார். வருஷா வருஷம் சொல்வதுபோலத் துபாஷி, "அந்தத் துண்டுக்காரன் சரக்கு இன்னும் வருதான்னு கேக்குறாரு. இல்லன்னு சொல்லிட்டேன்" என்றான். நான் இறாலைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஆறு வருஷத்துக்கு முன் அவர் சொன்ன பேச்சை அவரிடமே சொன்னேன், சொன்னது நீங்கள்தானே என்று அவர் பாஷையில் கேட்டேன். எனக்குத் தெரிந்தது கேசட்டின் பேச்சுதான். அந்தக் கட்டைக் குரலில், அந்த இழுப்போடு கேட்டேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ஆமாம், நான்தான், அந்த ஆள் எங்கே, ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேனே, ஏன் வருவதில்லை என்றார்.

நான் துபாஷி பக்கம் திரும்பினேன். "இப்போ இன்னா சொன்னாரு? பெரியவங்களுக்குச் சொல்லு."

வாயைத் திறந்தான், மூடினான்.

"சொல்லு சார். நீதானே படிச்சவன்."

"புரியல" என்றான்.

காது கேட்கவில்லை என்று சொல்லி மூன்று தடவை சொல்லவைத்தேன். மூன்றாவது தடவை முப்பது பெண்களும் சேர்ந்து, "இன்னா? இன்னா?" என்றார்கள். வெள்ளைப் பேண்ட்டில் இறால் ஓடு ஒட்ட, குனிந்த தலையோடு அவன் வெளியே போனதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட உண்டானதில்லை. பெரியவர்களுக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன்; ஜப்பான்காரர் துண்டு கட்டும் சாடை காட்டிக் கட்டைவிரலை உயர்த்த, அந்த வாரமே நைனாவின் பெயர் சீட்டில் ஏறியது. ஏரி அவருக்குத் திரும்பக் கிடைத்தது.  "நல்லா இருக்குன்னு சொன்னதுக்கா ஆறு வருஷம் ஒளிஞ்சிருந்தேன்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். சாப்பிட உட்காரும்போது மட்டும், "அதச் சொல்லும்மா" என்பார். சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

நைனா போனபோது அவன் மாலையோடு வந்தான். தலை நரைத்திருந்தது. வாசலில் மறித்தேன். அந்தப் பேச்சை அவன் முகத்துக்கு நேரே சொல்லி, "இதுக்கு அர்த்தம் சொல்லு" என்றேன். அதற்குள் அது ஊருக்கே மனப்பாடம். கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஐஸ் லேட்டு. இந்த ஆளோட இறால்தான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு" என்றான், உள்ளே கிடத்தியிருந்த நைனாவின் காதுக்கு எட்டும்படி. அவன் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சரியானது அது ஒன்றுதான். மாலையை வாங்கிக்கொண்டேன். அவனை உள்ளே விடவில்லை.

ஒவ்வொரு வருஷமும் நைனாவின் திதியன்று கேசட்டை எடுத்துத் தூசி தட்டி, அவர் படத்துக்கு முன் வைத்து, அந்தப் பேச்சை ஒருமுறை சொல்கிறேன். இழுத்துத்தான் சொல்ல வருகிறது. துபாஷி செத்த சேதி வந்த அன்றைக்கும் எடுத்து வைத்துச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.