பல், தோள், கழுத்து

ஜெயக்கொடிக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். மூன்றும் அவள் வாயிலிருந்து ஒரே ஓசையாகத்தான் வெளியே வந்தன. செஞ்சியில் பிறந்து, செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டு, தபாலில் பி.ஏ. வரலாறும் முடித்தவளுக்கு முப்பத்து நாலு வயதுவரை அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மலைக்குப் போனாலும் ‘மளை’, மழைக்கு ஒதுங்கினாலும் ‘மளை’. கேட்டவர்களுக்கும் புரிந்தது, ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க அவள் ஒப்புக்கொண்டபோதுதான் வம்பு பிறந்தது.

தெரு சமுதாயக்கூடத்தில் தினமும் ஐந்து மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். கணக்கை வேர்க்கடலை வைத்து நடத்தினாள். அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கூட்டல் கொஞ்சம் இழுபறி. கழித்தலைக் கேட்கவே வேண்டாம், மென்றுகொண்டே விடை சொன்னார்கள். ஆனால் எழுத்தில்தான் மானம் போயிற்று. ஆகஸ்டில் நாலாம் வகுப்பு வெண்மதி தன் நைனாவின் பிறந்தநாளுக்கு ‘பள்ளாண்டு வாள்க’ என்று எழுதிச் சுவரிலும் ஒட்டிவிட்டாள். பிள்ளை தப்பாக எழுதவில்லை, அக்கா வாயில் வந்ததை எழுதியிருக்கிறாள். ஜெயக்கொடிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சொல்லைச் சொல்லும்போதே ல வந்தால் பல்லைத் தொடுவாள், ள வந்தால் தோளை, ழ வந்தால் கழுத்தை. பிள்ளைகள் காதை மூடி வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து எழுதினார்கள். ஜூனில் வந்தபோது இரண்டு எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் தெரியாத வெண்மதி, தைக்குள் விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள்.

ஏப்ரலில் மேற்பார்வையாளர் பொன்னுசாமி சோதனைக்கு வந்தார். பத்துச் சொல்லில் பிள்ளைகள் ஆறையாவது சரியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் திருவண்ணாமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கிற வகுப்போடு இதைச் சேர்த்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு அது. “அவ்ளோ தூரம்லாம் அனுப்ப மாட்டேன், வூட்லயே கெடக்கட்டும்” என்று வெண்மதியின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மற்ற வீடுகளிலும் அதே பேச்சு. வகுப்பு போனால், கற்ற எழுத்தையெல்லாம் இரண்டே மாதத்தில் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று ஜெயக்கொடிக்கு நன்றாகத் தெரியும்.

பொன்னுசாமி சுத்தமான உச்சரிப்புக்காரர். “மலை” என்றார். பதினான்கு ஜோடிக் கண்களும் அவர் கையைப் பார்த்தன. கோட்டைப் பாறையெல்லாம் பகல் முழுக்கக் காய்ந்து, சாயங்காலம் ஊரைச் சுடுகிற மாதம். மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பள்ளி” என்றார், துடைத்தார். “வெல்லம்” என்றார், அழுத்தித் துடைத்தார். ஜெயக்கொடி மூலையில் நின்று கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தாள், ஒருத்தரும் திரும்பவில்லை.

அவர் நோட்டுகளைப் புரட்டினார். மழை. பழ்ழி. வெழ்ழம். குழம். பத்துக்கு மூன்றுதான் சரி.

“இன்னாம்மா இது, ஒரே ழ-வா இருக்குது?”

முன்வரிசை இனியன் எழுந்தான். “நீங்கதான சார் களுத்தத் தொட்டீங்க.”

“அது வேர்வைடா தம்பி.”

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுசாமி அவளை மலை சொல்லச் சொன்னார், மழை சொல்லச் சொன்னார். இரண்டு முறையும் “மளை”தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“சரி, வேற பத்து வார்த்த தரேன். உங்க மாதிரியே சொல்லுங்க.”

சொன்னாள். பல், தோள், கழுத்து என்று கை பறந்தது. நாலாவது சொல்லில் ஓர் ஈ வந்து அவள் கழுத்தில் உட்கார்ந்தது. அப்போது சொல்லிக்கொண்டிருந்தது ‘தவளை’. விரட்டினால் பதினான்கு தவளைக்கும் ழ விழும். ஈ சாவகாசமாகக் காது வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். பிறகு அதுவும் ல ஆகிவிடும் என்று பயந்து வாயைத் தளர்த்தினாள்.

பொன்னுசாமி மறுபடி நோட்டுகளைப் புரட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தில் எழுத ஆரம்பித்தார். எத்தனை சரி என்று ஜெயக்கொடிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. நோட்டை வாங்க வந்த வெண்மதி எதிரே நின்று படிவத்தைத் தலைகீழாகப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

“ஆ…சிரியர்… உச்…சரிப்பு… மோ…சம்.”

பொன்னுசாமி படிவத்தை மறைக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டார்.

“வகுப்பு… இங்கேயே… தொ…ட…ர…லாம்.” வெண்மதி நிமிர்ந்தாள். “அக்கா, தொடரலாமாம்.”

ஜெயக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொரு தபா படி கண்ணு” என்றாள்.

வெண்மதி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை எங்கேயும் தட்டவில்லை. தெருவுக்கே கேட்கும்படி அக்காவின் உச்சரிப்பு மோசம் என்று ஒரே மூச்சில் வாசித்தாள். ஜெயக்கொடிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.