நெற்றியில் விலா எலும்பு

மழைத்துளி முகத்தில் மெத்தென்று வந்து விழும் என்று எழுதுகிறவர்கள் எவரும் ஓடுகிற மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து போயிருக்க மாட்டார்கள். நான் போயிருக்கிறேன். யாரோ எதிரே நின்றுகொண்டு பச்சரிசியைக் கை நிறைய அள்ளி எறிவதுபோல இருக்கும். அட்சதை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிடிக்காத சம்பந்தி எறிகிற அட்சதை. கண்ணைத் திறந்தால் கண்ணில் படும், மூடினால் இமையில் சுடும், வாயைத் திறந்து அழலாமென்றால் அங்கேயும் வந்து விழும்.

சங்கரன்கோவிலுக்கு மழை அடிக்கடி வருகிற விருந்தாளி அல்ல. அதனால் அது வந்தால் எப்படி நடந்துகொள்வது என்ற பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு அறவே இருந்ததில்லை. அவர் அப்பாவின் தம்பி, ஜவுளிக்கடையில் வேலை, முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டிலும் "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள்; எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். பஸ்ஸில் கசங்கிப் போய் இறங்கியதுதான் காரணம் என்று சித்தப்பாவாகவே ஒரு முடிவுக்கு வந்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். தமக்கென்று உள்ள சொத்து தம்முடைய முகம் ஒன்றே என்பது அவருடைய நம்பிக்கை. அதைப் பவுடர் கலையாமல் பெண் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே அவருடைய அந்த வருஷத்துக் கவலை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் பார்த்தார். முகம் நனையவில்லை, ரோடு தெரியவில்லை, ஓர் ஆடு மயிரிழையில் தப்பியது. பிறகு "கூலிங் கிளாஸ்" போட்டுப் பார்த்ததில் பட்டப்பகல் அமாவாசையானது. சேலை வைக்கிற பிளாஸ்டிக் உறையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு மேலநீலிதநல்லூர் வரை ஒருமுறை போனார். மூச்சை இழுத்தபோது உறையும் வாய்க்குள் வர, வண்டியை நிறுத்தி அதைக் கிழித்தெறிந்துவிட்டுக் கரையில் போட்ட கெண்டை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார். டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னவே, உம்மையும் பேக் பண்ணி அனுப்பிட்டாவளா கடையில?" என்று கேட்டாராம். இதை எங்களிடம் சொன்னதும் சித்தப்பாவேதான். தம்மைப் பற்றிய கேலியைத் தாமே முதலில் சொல்லிவிடுகிற குணம் எங்கள் குடும்பத்தில் அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது.

ராயகிரியில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னதும், இதுவும் தட்டிப்போனால் இனித் தாம் அலைவதற்கில்லை என்று அந்தத் தரகரே கையை விரித்ததும் அப்போதுதான். சித்தப்பாவின் கண் என் எக்ஸ்ரே மேல் விழுந்தது.

ஐந்து வயதில் எனக்குத் தீராத இருமல். "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற காசநோய். ஊசியும் மாத்திரையுமாகச் சரியாகிவிட்டது. அப்போது எடுத்த என் நெஞ்சுப் படத்தை அம்மா டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். சின்னப் பிள்ளையின் நெஞ்சு ஆகையால் பெரிய ஆளின் முகத்துக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. அம்மாவிடம் கேட்டால் கிடைக்காது என்பதால் சித்தப்பா உரிமையாளரிடமே கேட்டார். எட்டு வயதில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. என் நெஞ்சை உடனே கொடுத்துவிட்டேன்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த வெந்நீரில் படத்தின் கீழ்ப்பாதியை முக்கித் தேய்த்தார். கறுப்பு வழிந்தோடி, லேசான நீலத்தில் கண்ணாடி போலானது. மேல்பாதியைத் தேய்க்கவில்லை, வெயிலுக்கு ஆகும் என்று விட்டுவிட்டார். ஒரு தொப்பியின் முன்பக்கம் வைத்துத் தைத்து, பாவாடை எலாஸ்டிக்கால் பின்மண்டையோடு இழுத்துக் கட்டினார். மூக்கு நுனி வரை முகம் மறைந்தது. நெற்றியில் மட்டும் என் விலா எலும்புகள் வரிசையாக நின்றன. அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸுல போனா மொகம் மொகமாப் போய்ச் சேரும். இவரு எலும்பைக் கட்டிட்டுப் போறாரு" என்பது அன்று அவள் அருளிய வாக்கு.

அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். என்னைச் சித்தப்பா தம்மோடு வைத்துக்கொண்டார். பாசம் ஒருபுறம் இருக்க, அவருடைய கண்ணாடிக்கு ஒரு "வைப்பர்" தேவைப்பட்டது. வீட்டில் இருந்த ஒரே மழைக்கோட்டை எனக்குப் போட்டு, பெட்ரோல் டேங்கில் உட்காரவைத்தார். அது என் கால் விரல் வரை தொங்கியது. சிவகிரி ரோட்டில் ஏறியதும் மலைப்பக்கமிருந்து மழை வந்து சேர்ந்தது. அவர் "துடை" என்பார். நான் முன்னால் பார்த்தபடியே கையைத் தலைக்கு மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோய்த் துடைப்பேன். சிலசமயம் பிலிம் அகப்படும், சிலசமயம் மூக்கு. "ஏட்டி, அது மூக்கு மக்கா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோபப்படவில்லை; இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்போது கோபப்படுவது கடினம்.

பெண் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பெண்ணின் தாய்மாமன் அதை எடுத்துவந்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"தம்பிக்கு நெஞ்சுல ஏதும் கோளாறு உண்டுமா?" என்றார்.

பதில் சொல்லலாமென்று அப்பா தொண்டையைச் செருமினார். செருமுவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. உரிமையாளர் என்ற முறையில் நான் எழுந்து நின்றேன்.

"அது என் நெஞ்சு. இப்ப சரியாப் போச்சு. கண்ணு தெரியதுக்குக் கீழ மட்டும் அழிச்சிருக்கு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடியும் இருமல் வந்துவிடும்போல இருந்தது. மாப்பிள்ளைக்கு இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு இருக்கிறது என்று உள்ளறையில் பெண்கள் முணுமுணுத்தது கூடம் வரை கேட்டது. தாய்மாமன் தொப்பியைக் கீழே வைத்த விதத்தில் "சொல்லி அனுப்புதோம்" கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது.

கூப்பிட்ட பிறகு காப்பித் தட்டோடு வருவதுதான் பெண்ணுக்கு விதித்த முறை. யாரும் கூப்பிடாமலே, காப்பி இல்லாமலே, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பெண் வந்தாள். சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல மொகத்தத் தொடைங்க. மூக்குக்கு மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளுன்னு வந்திருக்கீய."

உண்மைதான். பிலிம் காப்பாற்றிய மேல்பாதியில் பவுடர் அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி சங்கரன்கோவில் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அவர் அழுத்தித் துடைத்தார். ஒரு சீசன் முழுக்கப் பாதுகாத்த முகம் துண்டோடு போய், சொந்த முகம் வந்தது.

பெண் என்னைப் பார்த்தாள், என் மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், மாமனிடம் திரும்பினாள்.

"மாமா, எலும்பைத்தான பாத்தீய. பிள்ளைக்குக் கோட்டப் போட்டுட்டு, தான் நனைஞ்சு வந்திருக்காவ, அதப் பாக்கலையா?"

தாய்மாமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காப்பி கொண்டுவரச் சொன்னார்.

துண்டை நீட்டியவர்தான் எங்கள் சித்தி. அந்தக் கோட்டுக்குள் என் மடியில் பெண் வீட்டுக்கு வாங்கிய அல்வாப் பொட்டலம் இருந்தது. கோட்டு அதற்காகவும்தான் என்று கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா ஒருநாள் சொல்லியிருக்கிறார். "தெரியும். அல்வா நனையாமத்தான இருந்துது" என்று சித்தி வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம்.

போன மாதம் சித்தப்பாவை நெஞ்சுப் பரிசோதனைக்கு என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். நெஞ்சு நன்றாக இருக்கிறதென்றும் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும் என்றும் அங்கே இருந்த பெண் சொன்னாள். "பிலிம் ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ ஏமாற்றப்பட்டவரைப் போல அவர் வெளியே வந்தார். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் கையில் ஒன்றும் இல்லாத காலம். என் ஹெல்மெட்டில் கம்பெனியே வைத்துக் கொடுத்த கண்ணாடி இருக்கிறது. அதில் யாருடைய எலும்பும் இல்லை.

திரும்பும்போது மழை பிடித்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர், ரோடு கரைந்துபோனது. ஓரமாக நிறுத்தலாமென்று வேகத்தைக் குறைத்தேன். "துடை" என்று நான் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலாகப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது, தட்டுத்தடுமாறிக் கண்ணாடியைத் தேடிப் பிடித்தது, இடமிருந்து வலமாக ஒருமுறை அழுத்தித் துடைத்தது.

"ஏட்டி, இப்ப ரோடு தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. நிறுத்தாமல் ஓட்டினேன்.