ஜெகதீசன் நடத்திய கரைப் பாடம்

என் வீட்டுக்காரர் ஜெகதீசனைப் பற்றிச் சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார். வம்புதும்புக்குப் போக மாட்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மத்தி மீன் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுவார். எல்லாம் சரிதான், கூட வாழ்கிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும். எந்த வேலையைச் சொன்னாலும் "நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மகள் பவானியை வருகிற ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் ஹேமந்த் ஓர் எழுத்தும் தெரியாமல் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். கூட இருந்த பிள்ளைகள் மடமடவென்று படித்தார்கள், இவன் திருதிருவென்று முழித்தான். மக்கு என்று பேர் விழுந்தது. அப்புறம் தினமும் காலையில் வயிற்று வலி. இன்றைக்கும் புத்தகத்தைக் கண்டால் அவன் முகம் சுண்டிப் போகிறது. என் பெண்ணுக்கு அந்தப் பேர் விழக் கூடாது.

நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம்தான். பத்தாவது வரை படித்தவள் நான். ஆனால் விடிந்ததும் கரையில் மீனை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனால், கூடை காலியாகி வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அதற்குமேல் சமையல், துணி, தண்ணீர். அவரோ படகைக் கரையேற்றிவிட்டால் பாப்பாவோடுதான் இருப்பார். அதனால் படம் போட்ட அரிச்சுவடி ஒன்று வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

"தெனம் கொஞ்ச நேரம் ஒக்கார வச்சி சொல்லிக் குடுய்யா."

"நான் பாத்துக்கறேன்மே."

பார்த்துக்கொண்ட லட்சணம், புத்தகம் அலமாரி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கேட்டதற்கு என்னையே மடக்கினார்.

"புக்குல இன்னா கீது? நம்ம கரையில ஒவ்வொரு போட்டுலயும் பேரு எய்தி கீது. வெளாடிகினே படிக்கலாம். நீ வந்து பாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. பவானி சிவப்புப் படகின் முன்னால் போய் நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்து நகர்த்தி, "கங்...கை...யம்...மன் து...ணை" என்றாள். பச்சைப் படகில் "நீ...ல...வே...ணி" என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. அநியாயமாக இந்த மனுஷனைத் திட்டிவிட்டோமே என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் மார்க்கெட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. உத்தியோகக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பிலிருந்து வாடிக்கையாக வந்து சங்கரா மீன் வாங்கும் ராஜம் அம்மாவிடம், என் பொண்ணு பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே படிக்கிறாள் என்று பெருமையடித்தேன்.

"எழுத்துத் தெரிஞ்சு படிக்கிறாளா ஜோதிலட்சுமி, இல்லை மனப்பாடமா?"

"அட போம்மா, வெரல வச்சி படிக்குது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மீனவன் வீட்டுப் பிள்ளை படித்தால் இவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறதே என்று எரிச்சல். அந்த எரிச்சலில் மீனைச் சரியாகச் செதில் எடுக்காமல் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த முறை அதற்கும் பேச்சு வாங்கினேன்.

வைகாசியில் கங்கையம்மன் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முன் படகுகளைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரி வெள்ளை என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது. பெயின்டர் எல்லப்பன் முதலில் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துக் காய விட்டிருந்தார். பேர் எழுத இன்னும் தொடங்கவில்லை.

சாயங்காலம் மூவரும் கரைப் பக்கம் போனோம். எல்லப்பனைக் கண்டதும் இவருக்குப் பெருமை தலைக்கேறியது.

"எல்லப்பண்ணா, பாப்பா படிக்கிறத கேளேன். பவா, படிச்சிக் காட்டுமா."

பவானி ஓடினாள். வெள்ளை வெளேரென்று நின்ற முதல் படகின் வெறும் பக்கவாட்டில் விரலை வைத்தாள். இடமிருந்து வலமாக நகர்த்தி, "கங்...கை...யம்...மன் து...ணை" என்றாள்.

அடுத்ததற்குப் போனாள். "நீ...ல...வே...ணி."

எல்லப்பன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாத்த, நான் இன்னும் எய்தவே இல்ல, அதுக்குள்ள உம் பொண்ணு படிச்சிட்ச்சி!"

எனக்கு அழுவதா, அறைவதா என்று தெரியவில்லை. படகின் முன்மூக்கான அணியத்தின் வளைவையும் பழைய அடியால் விழுந்த நெளிவையும் பார்த்து அவள் படகைத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். இத்தனை நாளும் எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஜூனுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? குழந்தையின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். இவரும் பின்னாலேயே வந்தார். அலமாரி மேலிருந்த அரிச்சுவடியை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தேன். பட்டம் படம் போட்ட பக்கம். படத்தைக் கையால் மூடிக்கொண்டு, "இது இன்னா எழுத்து சொல்லு" என்றேன்.

குழந்தை புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"அவருகிட்ட இன்னாடி கீது? யோவ், நீயே சொல்லு. இது இன்னா எழுத்து?"

அவர் என் கையைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் படம் தெரியும், பட்டம் என்று சொல்லிவிடுவார். அவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அஞ்சாவது என்றார்கள். கையெழுத்துப் போடுவார், நானும் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வாய்ஸ்தான் அனுப்புவார், சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். பஸ் போர்டை என்னைப் படிக்கச் சொல்லிக் கண் மங்குகிறது என்பார். அலையில் தூரத்து வலைமிதவை தெரிகிற கண்ணுக்குப் பஸ் போர்டு தெரியவில்லையாம். நானும் நம்பியிருக்கிறேன் பார்.

"ஏன்யா சொல்லல?"

"பாப்பா என்னிய மாரி ஆவக்கூடாதுனுதாம்மே செஞ்சேன். எனக்குத் தெரிஞ்ச படிப்பு அவ்ளோதான்."

அந்தக் குரலைக் கேட்டு மனசு இளகவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மார்க்கெட்டுக்கு அக்காவை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்திருப்பேன். வெட்கத்தை மூடி வைக்கப் பிள்ளையின் படிப்பைப் பலி கொடுத்த மனுஷனை என்ன செய்வது?

"ரெண்டு பேரும் ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். படம் எதுவும் இல்லாமல் ஒரு தாளில் பெரிதாக 'அ' எழுதிச் சொல்லிக் கொடுத்தேன், பிறகு 'ப'. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். பவானி தப்பும் தவறுமாகச் சொன்னாள். இவர் ஒவ்வொரு முறையும் அவள் வாயைப் பார்த்துவிட்டு, அவள் சொன்ன தப்பையே அப்படியே சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பவானிக்கும் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துத் தாளின் பக்கம் திருப்பினாள்.

"நைனா, என்னப் பாக்காத. எழுத்தப் பாரு."