யின் மார் கேட்ட கேள்வி

தாய்லாந்தின் மஹாச்சாயில் இறால் உரிக்கிற எங்கள் பர்மாக்காரர்கள் எல்லாருக்கும் யின் மார் அக்காவைத் தெரியும். அவளும் இறால் உரித்தவள்தான். நகமெல்லாம் உப்பு அரித்துப்போன பிறகு தாய்லாந்துக்காரர் பேச்சைக் கற்று மொழிபெயர்ப்பாளர் ஆனாள். வெளிநாட்டுக் கடைகள் இறால் வாங்குமுன் கொட்டகைகளில் வேலையாட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதிக்க ஆள் அனுப்பும். அவர்களோடு இவள் போவாள். வண்டி என்னுடையது. வெற்றிலையைக் குதப்பி அதை நாறடிப்பது அவள் வேலை.

அன்றைக்குப் போன கொட்டகை பளபளவென்று இருந்தது. சோதிக்க வந்த சிரிபோன் அம்மாள் மேலாளரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பெண்களிடம் பேசினார். அப்படியும் எல்லாரும் ஒப்பித்த மாதிரி ஒரே பதில்தான் சொன்னார்கள். சம்பளம் வருகிறது, பாஸ்போர்ட் எங்களிடமே இருக்கிறது, வெளியே போய் வருகிறோம். சிரிபோன் "சரி" என்று எழுதிவிட்டால் அடுத்த வருஷம்வரை அங்கே யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அக்கா. பெண்கள் பக்கம் சாவகாசமாகத் திரும்பினாள். "போன பௌர்ணமிக்கு என்ன புண்ணியம் பண்ணீங்கடி? சொல்லுங்க, நானும் சாது சொல்லிக்கிறேன்."

ஒருவர் செய்த தானத்தைச் சொன்னால், கேட்பவர் சாது, சாது, சாது என்று சொல்லிப் பங்கு வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். சம்பளத்தில் பொய் சொல்லலாம். செய்யாத புண்ணியத்தைச் செய்ததாகச் சொல்ல எங்கள் பெண்களுக்கு நாக்கு எழாது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சிரிபோனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற நான் அதைக் கீழே வைத்தேன்.

"விகாரைக்கு எங்கக்கா போறது," என்றாள் ஒருத்தி, தலை நிமிராமல். "வந்ததுலேர்ந்து இந்தக் கேட்டைத் தாண்டல. பாஸ்போர்ட்டெல்லாம் அவங்க பீரோவுல இருக்கு."

அக்கா மொழிபெயர்த்ததும் சிரிபோனுக்கு முகம் சிவந்தது. "இனி இங்க வாங்கவே வேணாம்னு எழுதிடறேன்."

"அப்படி எழுதுனா இவங்கள வேற கொட்டகைக்கு ஏத்திருவான்மா. வாங்குங்க. ஆனா பீரோவைத் தொறக்கவெச்சிட்டு வாங்குங்க." இறால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "அதுவரைக்கும் நான் வண்டியில ஏறப்போறதில்ல."

இத்தனை வருஷம் கூடவே சுற்றியும் அன்றுதான் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கும்பிடத் தோன்றியது.

சிரிபோன் யோசித்தார். பிறகு தன்னை அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டு, இறால் ஏற்றிய லாரியை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். ஐஸ் உருக உருக மேலாளரின் குரலும் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் பீரோ திறந்தது.

முதலில் பேசிய பெண் தன்னிடம் கொடுத்த பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். "இது என்னுது இல்லக்கா. யாரோ சின்னப் பொண்ணுது."

அக்கா பெயரைப் படித்தாள். அந்தப் பெண்ணுடையதுதான்; எத்தனையோ வருஷம் முன்னால் எடுத்த படம்.